பாட்டிக்கு என்ன சைஸ் ஃப்ளெக்ஸ்?

போன வருஷம் ஆனி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். கடையில் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸுக்காக மாப்பிள்ளையின் கூட்டுக்காரர்கள் பதினேழு பேரின் தலைகளை வெட்டி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் வார்டில் கொஞ்சம் அரசியல், கொஞ்சம் வீட்டுமனை என்று இருக்கிற ஒரு அண்ணாச்சி.

"மக்கா, இப்பதான் கேட்டேன். சங்கடமாப் போச்சு. இந்த நேரத்துல உன்கிட்டயே கேக்கப்படாது, வேற யாருகிட்ட கேக்க? நம்ம சார்பில ஒண்ணு வைக்கணும்லா. பாட்டிக்கு என்ன சைஸ் ஃப்ளெக்ஸ் போடலாம்? ஆறுக்கு நாலு போருமா?"

"எந்தப் பாட்டிக்கு அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "உனக்க பாட்டிக்குத்தான் மக்கா."

நான் கடைக்குக் கிளம்பும்போது பாட்டி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து சக்கைக்குரு, அதாவது பலாக்கொட்டை, தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நேற்று நான் வாங்கிக்கொண்டு போனது வெத்தலையா பிலா இலையா என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். நடுவில் இரண்டு மணி நேரம்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டால் மைனி எடுக்கவில்லை. அண்ணன் எடுக்கவில்லை. கடையைப் பூட்டாமல்கூட வண்டியை எடுத்தேன். பாதி வழியில், ஒரு சாயக்கடை முன்னால்தான் எனக்கு உறைத்தது: பாட்டியைக் கொன்றது நான்தான். முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்கு.

கருங்கல் பக்கம் ஃப்ளெக்ஸ், பத்திரிகை, நோட்டீஸ் டிசைன் பண்ணுகிற கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், காது குத்து, கல்யாணம், பால் காய்ப்பு, கோவில் கொடை, பங்குத் திருவிழா, கடைசியில் கண்ணீர் அஞ்சலி. எங்கள் மாவட்டத்தில் ஒரு மனிதன் வந்து போவதற்குள் என் மாதிரி ஒருத்தன் கையில் நாலைந்து தடவை அகப்பட்டே தீர வேண்டும். அது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளம் இல்லாதது. அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, நடத்துகிற யூடியூப் சேனலுக்குத் தலைப்பு வைப்பதும், வீடியோவின் முகப்பில் தெரிகிற படமான தம்ப்நெயில் செய்வதும்.

2020-இல் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்த காலத்தில் மைனி அதைத் தொடங்கினாள். ஆரம்பத்தில் தலைப்புகள் அவளே வைத்தவை. 'மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் கறி.' 'முந்திரிக்கொத்து.' 'நெத்திலி அவியல்.' இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம். பாட்டிக்கு அப்போது 79 வயது. அடுக்களையில் ஓரமாக உட்கார்ந்து, "உப்பு போட்டியா? கேமராவுக்குக் காட்டினா போருமா, சட்டியில போடாண்டாமா?" என்று கேட்பாள். அதைத்தான் ஜனம் விரும்பியது. மீன் கறி யார் வீட்டிலும் உண்டு. இந்தப் பாட்டி இந்த வீட்டில்தான் உண்டு.

யூடியூபில் விளம்பரக் காசு வர வேண்டுமானால் அப்போது 1000 சந்தாதாரர்கள் வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4000 மணி நேரம் ஆட்கள் பார்த்திருக்கவும் வேண்டும். ஆயிரம் பேர் சொந்தத்திலும் சபையிலும் கோவிலிலுமாகக் கிடைத்துவிட்டார்கள். 4000 மணி நேரம் நகரவே இல்லை. அந்தக் கட்டத்தில்தான் மைனி என்னிடம் வந்தாள். "எனக்குக் கறி வைக்கத் தெரியும், பேரு வைக்கத் தெரியாது. நீதான் ஊர்ல உள்ள எல்லாருக்கும் பேரு அடிச்சுக் குடுக்கிய."

முதலில் நான் செய்தது, மற்ற சேனல்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததுதான். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். 'இனிமே வீடியோ போட மாட்டேன்' என்று ஒருத்தி. உள்ளே போனால் ஒரு வாரத்துக்குப் போட மாட்டாளாம், கொழுந்தியாள் கல்யாணம். 'எங்க வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்தாச்சு' என்று ஒரு தம்பதி. வந்தது வாஷிங் மெஷின். 'மாமியார் இப்படிச் செய்வாங்கன்னு நெனைக்கவே இல்ல' என்றால் மாமியார் பால் பாயசம் செய்திருப்பார். எங்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை. 'குமரி மாவட்டத்தில் யாருக்குமே தெரியாத இடம்' என்று ஒரு வீடியோவைத் திறந்தேன். மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கட்டினது. ஐயப்ப சீசனில் அங்கே பஸ் நிறுத்த இடம் கிடைக்காது. யாருக்கும் தெரியாத இடமாம்.

சிரித்துக்கொண்டே பார்த்தேன் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன் என்பதும் உண்மை. வாஷிங் மெஷின் வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தேன்.

ஏன் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1994-இல் ஆர்வம் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் ஆர்வத்தை அறிவுப் பசி என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். அவர் அதைப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி பார்க்கிறார். அப்படி அவர் எழுதவில்லை, நான் சொல்கிறேன். நமக்குத் தெரிந்ததுக்கும் தெரியவேண்டியதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி கண்ணில் பட்டுவிட்டால் அது ஒரு குறையாக உறுத்தும், அந்த உறுத்தலைத் தீர்க்கத்தான் ஓடுகிறோம் என்பது அவர் வாதம். முக்கியமான இடம் இனிமேல்தான். ஒன்றுமே தெரியாத காரியத்தில் அந்த உறுத்தல் வராது. கொஞ்சமாவது முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக் கதை காட்டுகிற சேனல்களில் இந்த வித்தை இவ்வளவு நன்றாகப் பலிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். யாரென்றே தெரியாத ஒருத்தரைப் பற்றி 'பாட்டி…' என்று மூன்று புள்ளி வைத்தால் யார் நின்று பார்ப்பார்? ஆனால் மூன்று வருஷமாக அந்தப் பாட்டி உப்பு கேட்பதையும் வெத்தலை இடிப்பதையும் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று புள்ளி போதும். அவர்கள் பாதி சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அந்தப் பாதிச் சொந்தத்தில்தான் தூண்டில் மாட்டுகிறது.

தமிழில் இந்த வேலையைச் செய்ய ஒரு இடைஞ்சல் உண்டு. நம் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தான்' என்றால் ஆண். 'வந்தாள்' என்றால் பெண். 'வந்தது' என்றால் மாடோ மழையோ கரண்டு பில்லோ. எழுவாயைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் வால் வெளியே ஆடிக்கொண்டிருக்கும். அதனால் நல்ல தலைப்புக்காரன் முதலில் படிக்கவேண்டியது திணை. உயர்திணையையும் அஃறிணையையும் ஒரே பாயில் படுக்க வைக்கிற சொற்களைத் தேட வேண்டும். 'சம்பவம்', 'விஷயம்', 'உறவு', 'வரவு', 'இழப்பு'. இவை இலக்கணத்துக்கு அஃறிணை, மனசுக்கு ஆள். 'எங்க வீட்டுக்கு ஒரு புது வரவு' என்று எழுதினால் பிள்ளையும் ஆகலாம், கிரைண்டரும் ஆகலாம். பள்ளிக்கூடத்தில் திணைக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். அது இப்படித் திரும்பி வந்து உதவும் என்று என் தமிழ் வாத்தியார் நினைத்திருக்க மாட்டார்.

'கடைசியில்' என்ற சொல்லும் அப்படித்தான். 2012 அக்டோபரில் யூடியூப் தன் கணக்கை மாற்றியது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மதிப்பு என்று ஆக்கியது. ஏமாற்றுத் தலைப்புகளை ஒடுக்கத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் திறக்க வைத்தால் மட்டும் போதாது, உட்காரவும் வைக்க வேண்டும் என்று ஆனபோது, ஆசாமிகள் ஏமாற்றை வீடியோவின் வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு நகர்த்தினார்கள். 'கடைசியில் நடந்ததைப் பாருங்க.' 2020-க்குப் பிறகு எட்டு நிமிஷ வீடியோ என்றால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்று வந்தது. அதற்கு முன் பத்து நிமிஷம் வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் எது நடந்தாலும் எட்டு நிமிஷத்துக்குக் குறையாமல் நடக்கும், முக்கியமானது ஏழாவது நிமிஷத்தில் நடக்கும். கண்ணாடிப் பாலம் திறந்த புதிதில், விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நடந்துவிட்டு வந்து 'கண்ணாடிப் பாலத்தில் எனக்கு நடந்தது' என்று போட்டோம். நடந்தது என்ன? மைனியின் செருப்பு வார் அறுந்தது. ஏழாவது நிமிஷம். அந்த வீடியோதான் அதுவரை எங்களுக்கு அதிகம் ஓடியது.

தூத்தூர் பக்கம் எனக்கு ஒரு கூட்டுக்காரன் உண்டு. ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிற குடும்பம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாங்களாவது தூண்டில்ல மீன் துண்டு கோத்துப் போடுதோம்டே. மாட்டுத மீனுக்கு ஒரு வாயாவது கிடைக்கும்."

பிலாமரக் கதைக்கு வருகிறேன்.

பாட்டி கல்யாணம் ஆகி வந்த மறுவருஷம் நட்ட பிலாமரம் ஒன்று வீட்டுக்குப் பின்னால் நின்றது. 60 வருஷத்துக்கு மேல் இருக்கும். இடவப்பாதி மழையில் வேர் இளகி, அடுக்களை ஓட்டுப்பக்கம் சாய்ந்துவிட்டது. முறிப்பதைத் தவிர வழி இல்லை. முறிக்கிற அன்றைக்கு பாட்டி மரத்தில் ஒரு தடவை கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை. பிறகு தடி வாங்க வந்தவனிடம் விலைக்கு நின்று சண்டை போட்டாள். மைனி எல்லாவற்றையும் எடுத்திருந்தாள்.

மைனி வைத்த தலைப்பு: 'பாட்டி நட்ட பிலாமரம் முறிச்சாச்சு.' இதை எவன் பார்ப்பான் என்றேன். நான் வைத்தது: '60 வருஷம் எங்ககூட இருந்தது இன்னிக்கு இல்ல.' வாசித்ததும் எனக்கே பிடிக்கவில்லை. 'இருந்தது' காட்டிக்கொடுக்கிறது. 'இருந்தவங்க' என்று போட்டால் பச்சைக் கள்ளம். பொய் சொல்ல மாட்டேன், அது என் கொள்கையாக்கும். மூன்றாவதாக எழுதினேன்: '60 வருஷத்து உறவு இன்னிக்கோட முடிஞ்சுது.' அதைப் பார்த்து மைனி, "பாட்டி பேரு இல்லாம ஓடாது" என்றாள். வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று புள்ளியும் 'பாட்டி' என்ற சொல்லும் சேர்ந்தன.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 60 வருஷம்தான். உறவுதான். முடிந்ததுதான். பாட்டியும் இருக்கிறாள். தனித்தனியாக ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக் கோர்ட்டில் வைத்தால் நான் ஜெயிப்பேன்.

தம்ப்நெயிலுக்கு மரம் வேண்டாம், மரத்தைக் காட்டினால் குட்டு உடைந்துபோகும் என்று பாட்டி முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். சோகம் வேண்டும். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். முகத்தைச் சுற்றி ஓரத்தை மங்கலாக்கினேன். கீழே இரண்டு ரோஜா கிடந்தது, விட்டுவிட்டேன். எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றுமே தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. பதினைந்து வருஷமாகக் கை பழகிப்போன வேலை அது. என் கம்ப்யூட்டரில் 'அஞ்சலி' என்ற ஃபோல்டரில் கிடக்கிற டெம்ப்ளேட்டை என்னை அறியாமலே திறந்திருக்கிறேன். தோற்றம், மறைவு என்ற இரண்டு வரியை மட்டும் அழித்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் அன்றைக்கே கேட்டேன், "வீடியோவைப் பாத்தியளா?"

"இல்ல மக்கா. சாவு வீட்டு வீடியோவை எதுக்குப் பாக்கணும்? படத்தைப் பாத்தேன், போரும். மனசு வரல்ல."

அந்தப் பதிலை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஏமாற்றுத் தலைப்பு என்றால் திறந்தவன் ஏமாறுகிறான் என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். திறந்தவனுக்கு என்ன நஷ்டம்? எட்டு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் மரம் விழுகிறது, பாட்டி தடிக்காரனோடு சண்டை போடுகிறாள், அவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவான். திறக்காதவனுக்குத்தான் அந்த ஏழாவது நிமிஷம் வருவதே இல்லை. அவன் தலைப்பையே செய்தியாக எடுத்துக்கொண்டு போகிறான்.

எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள் என்பதற்கு யூடியூபே ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு தம்ப்நெயில் நூறு தடவை கண்ணில் பட்டால் எத்தனை தடவை திறக்கப்படுகிறது என்பதை அவர்கள் விகிதமாகக் காட்டுவார்கள். உலகத்தில் உள்ள சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று அவர்களுடைய உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இந்த எண்ணை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டு வந்தால் மைனி பாயசம் வைப்பாள். மிச்சம் தொண்ணூற்றிரண்டைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. வீடியோவைப் பார்க்கிறவர்களுக்காக நான் தலைப்பு எழுதவில்லை. பத்தில் ஒன்பது பங்கு, பார்க்காதவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் என்னிடமிருந்து வாங்கிப்போகிற மொத்தச் சரக்கும் அந்த ஒரு வரி. அதில் சாவு இருந்தால் சாவுதான் போகும்.

யோசித்தால் இதுவும் புதிதில்லை. சின்ன வயசில் சாயக்கடை வாசலில் மாலைப் பத்திரிகையின் போஸ்டர் தொங்கும். 'நாகர்கோவில் அருகே பயங்கரம்.' பத்திரிகை வாங்குகிறவர்கள் நாலு பேர். போஸ்டரை வாசித்துவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் நானூறு பேர். எங்கள் ஊருக்குச் செய்தி அந்த நானூறு பேர் வழியாகத்தான் வரும். பஸ் இறங்கும்போது 'அருகே' என்பது ஒரு ஊர்ப் பெயர் ஆகியிருக்கும். அதற்கும் முந்தி ரயிலிலும் சந்தையிலும் கொலைச் சிந்து விற்றுக்கொண்டு வருவார்களாம். எங்கே, யார், யாரை வெட்டினார்கள் என்பதைக் கூவிப் பாடியே விற்பார்களாம். ஆனால் ஒன்று. சிந்து பாடினவன் பாடின கொலை நடந்த கொலை. போஸ்டரில் இருந்த பயங்கரமும் ஏதோ ஒரு வீட்டில் நடந்திருக்கும். என் போஸ்டரில் மரம் செத்துக் கிடந்தது, பாட்டி படம் இருந்தது.

யூடியூப் நிறுவனம் 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்று ஒரு அறிவிப்பு விட்டது. உள்ளே இல்லாததைத் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் காட்டுகிற வீடியோக்கள் மேல் நடவடிக்கையைக் கடுமையாக்கப் போகிறோம், முக்கியமாக உடனடிச் செய்தி, நடப்புச் செய்தி விஷயங்களில் என்று. நல்ல காரியம். ஆனால் பாட்டி நடப்புச் செய்தியில் வரமாட்டாள். அவள் லைஃப்ஸ்டைல். முன்பெல்லாம் கட்டைவிரலைக் கீழே காட்டுகிற குறிக்குப் பக்கத்தில் ஒரு எண் தெரியும், அதைப் பார்த்தாவது இது டுபாக்கூர் என்று யூகிக்கலாம். 2021 நவம்பரில் அந்த எண்ணையும் பொதுவில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள். இருந்திருந்தாலும் எங்கள் அண்ணாச்சிக்கு அது உதவியிருக்காது. வீடியோவைத் திறந்தால்தானே எண் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மைனி கொல்லையில் சக்கை வறுப்பதை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கும்போது போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மோடை மாற்றினதும் போன் ஒரு நிமிஷம் நிற்காமல் துடித்தது. அதில் பூதப்பாண்டியிலிருந்து பதினோரு அழைப்பு.

பூதப்பாண்டி பாட்டா, பாட்டியின் தம்பி. நாலு பேரில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள். நாங்கள் திருப்பிக் கூப்பிடும்போது அவர் மகள் எடுத்தாள். பேத்தி காலேஜுக்குப் போகிற வழியில் படத்தைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், அவளும் திறக்கவில்லை. பதினோரு தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்காததே உறுதி ஆகிவிட்டது. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? "அப்பா அப்பமே பஸ் ஏறியாச்சு" என்றாள். அவரிடம் போன் கிடையாது.

மழை பெய்துகொண்டிருந்தது. பகல் ஒன்றரை மணிக்கு பாட்டா வந்தார். பூதப்பாண்டியிலிருந்து வடசேரி வந்து, அங்கே இறங்கி, ஒரு ஜவுளிக்கடையில் ஏறி, பிறகு அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, திங்கள்சந்தை வழி கருங்கல் பஸ்ஸைப் பிடித்து, மிச்சம் நடந்து. 79 வயது. வேட்டி முட்டுவரை நனைந்திருந்தது. கையில் இருந்த பிளாஸ்டிக் கவர் மட்டும் நனையவில்லை, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வாசலில் பந்தல் இல்லை. ஆள் இல்லை. சத்தம் இல்லை. திண்ணையில் அக்கா சக்கைக்குரு உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எடா, மழையத்து ஏன் இப்படி நனைஞ்சு வாற? குடை எங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. முற்றத்தில் பிலாமரத்தின் அடித்தடி ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தார். கவரை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எண்பது வயசை எட்டப்போகிற மனிதர் அப்படி அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாட்டிக்குச் சொல்லியாகவேண்டும். மைனிக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன், தலைப்பு, படம், ரோஜா எல்லாம். பாட்டிக்குத் தம்ப்நெயில் என்றால் என்னவென்று தெரியாது. "செத்தவளுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு எழுந்துபோய்த் தம்பி மடியிலிருந்து கவரை எடுத்தாள். வெள்ளைக் கைத்தறிச் சேலை, நீலக் கரை. பிறந்த வீட்டுக் கோடி. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. பாட்டி சேலையை விரித்து, கரையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"எவ்வளவுக்கு எடுத்த?"

"எழுநூத்தம்பது."

"கரை கொள்ளாம்."

பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து, கோடியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, ஏதாவது கோவிலில் கொடுத்துவிடு என்றாள். பாட்டி கேட்கவில்லை. "எனக்குன்னுதானே வாங்கிருக்கான்? அப்பம் உடுத்துவிடும்போ எனக்குத் தெரியவா போவுது நல்லாருக்கா இல்லியான்னு? இப்பமே உடுத்துப் பாக்காண்டாமா?" உள்ளே போய் உடுத்துக்கொண்டும் வந்தாள். பாட்டா அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஒரு தலைப்பு வந்தது. 'உயிரோட இருக்கிற அக்காவுக்குக் கோடிச் சேலையோட வந்த தம்பி.' எழுவாயை ஒளிக்க வேண்டாம், மூன்று புள்ளி வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், நூற்றுக்கு ஐம்பது பேர் திறப்பார்கள். மைனியைப் பார்த்தேன். அவளுக்கும் அதே தோன்றியிருக்கிறது, கை போன் மேல் இருந்தது. பிறகு போனைக் குப்புற வைத்துவிட்டு, பாட்டாவுக்குத் துவர்த்து எடுக்க உள்ளே போனாள்.

இந்தக் கட்டுரைக்கு நான் வைத்திருக்கிற தலைப்பைப் பார்த்து நீங்கள் என்னைக் கேட்கலாம். கேளுங்கள். பாட்டியிடம் அனுமதி வாங்கித்தான் வைத்தேன். "இப்பமாவது முதல்ல எங்கிட்ட கேட்டியே" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே தலைப்பை மைனியின் பழைய தலைப்புக்கு மாற்றினோம், தம்ப்நெயிலில் மரத்தைப் போட்டோம். வியூஸ் அப்படியே படுத்துவிட்டது. இப்போதெல்லாம் பெரும்பாலும் மைனி வைக்கிற பெயர்தான். 'அயலை மீன் புளிமுளம்' என்ற பழைய வீடியோ ஒன்று ஆரவாரமே இல்லாமல் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ எங்கேயோ அயலையை வாங்கி வைத்துக்கொண்டு தேடுகிறார்கள், வருகிறார்கள். கண்ணாடிப் பாலம் பத்தே நாளில் அடங்கிப்போனது. அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு ஏமாற்றுத் தலைப்புதான். மாசத்துக்கு ஒரு தடவை, கரண்டு பில் வருகிற வாரத்தில், 'உறவு' மாதிரி ஒரு சொல் கிடைக்குமா என்று தேடத்தான் செய்கிறேன்.

இந்த வித்தையைப் பாட்டிக்கு ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். அவள், "விடுகதை மாதிரியா?" என்றாள். அடி காட்டில், நடு மாட்டில், நுனி வீட்டில் என்று போட்டால் கேட்கிறவனுக்கு அது விடுகதை என்று தெரியும், நெல் என்று கண்டுபிடிப்பான். "நீ விடுகதைன்னு சொல்லாமலே போடுதியே" என்றாள். பிறகு கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். சுடலைமாடன் கதையில் அடுத்து என்ன என்று அங்கே உட்கார்ந்திருக்கிற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். யாரும் எழுந்து போனதில்லை. ஒன்றும் மறைக்காமல் ஒரு ராத்திரி முழுக்க ஆளை உட்கார வைக்கிற தொழில்நுட்பம் யூடியூப் நிறுவனத்திடம்கூட இருக்கிறதாகத் தெரியவில்லை. அது எப்படி நடக்கிறது என்று பாட்டியிடம் கேட்டேன். "நல்லா பாடுவான், அதான்" என்றாள்.

தலைப்பை மாற்றியாகிவிட்டது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டை யார் மாற்றுவது? எந்தெந்த குரூப்பில் பாட்டி இன்னும் செத்துக் கிடக்கிறாளோ. இந்த வருஷம் தை மாசம் பூதப்பாண்டி தேருக்கு அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி எடுத்துக் கொடுத்த அந்த நீலக்கரைச் சேலையைத்தான் உடுத்திருந்தாள். ரத வீதியில் கூட்டத்துக்கு ஒதுங்கி, அவளை ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அக்கா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"போன வருஷம் பாட்டி தவறிட்டாவன்னு போன்ல பாத்தேன் மக்கா. பிள்ளைக்குப் பரீட்சை. வர முடியாமப் போச்சு. மனசுல வச்சுக்கிடாத."

நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணையிலிருந்து பதில் வந்தது.

"பரவால்ல பிள்ளே. எனக்கும் அன்னைக்கு வர முடியல்ல."